அத்தியாயம் 14: முந்திக்கொண்ட கொடி

"இப்பதாங்க எனக்கு ஆஃப்சைடே புரியுது."

போன வாரம் வேன்காரம்மா இப்படிச் சொன்ன இடத்தில்தான் நாம் விட்டிருந்தோம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், மனதில் பட்டதை ஹாரன் அடிக்காமல் சொல்லிவிடுகிறவள். சொன்னது யாரிடம் என்பதில்தான் வில்லங்கம். கால்பந்து மைதானத்தின் ஓரக்கோட்டில் கொடியோடு ஓடி, ஆஃப்சைடு பார்த்தே தலை நரைத்துப்போன லைன்ஸ்மேனிடம், சொந்தப் புருஷனிடம்.

புரியவைத்தது அவளுடைய தம்பி. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, ஒரு ஆட்டத்தை நிறுத்தி, நீலத்தில் ஒரு கோடும் சிவப்பில் ஒரு கோடும் இழுத்துக் காட்டினான். அவ்வளவுதான், வேன்காரம்மாவுக்கு ஞானம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் லைன்ஸ்மேன் அதே சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். "கோல்கீப்பரை விட்டுடு. பந்தை முன்னால தள்ளுற அந்த நேரத்துல, கோல் போட ஓடுற இந்த டம்ளர் எதிரணியோட கடைசி டம்ளரைத் தாண்டி நிக்கக் கூடாது. நின்னா ஆஃப்சைடு." அவளும் அழகாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் பொய் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரியவந்தால் மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

எரிந்தது. மறுநாள் காலையிலும் அணையவில்லை.

அன்று அரையிறுதி. லைன்ஸ்மேன் எழுந்து வந்தபோது வேன்காரம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் சட்டையை.

"அவன் ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காரப் போறான். அவன் சட்டையை யார் பாக்கப் போறா?" என்றார்.

"உங்க ஜெர்சி கசங்காத துணிங்க. போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். சொன்னதற்காக இஸ்திரி போடாமலே விட்டுவிடுவதா? பொறாமை வந்துவிட்ட மனுஷனிடம் நியாயம் எடுபடாது. ஜெர்சியை எடுத்துப்போய்த் தானே உதறி மாட்டிக்கொண்டார்.

மச்சினன் குளித்துவிட்டு வந்தான். லீக்கின் வீடியோ ரூமில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவன், தனி வீடு கிடைக்கும்வரை என்று முன்னறையில் தங்கியவன். அவன் வந்த புதிதில் லைன்ஸ்மேன் "மாப்ள, மாப்ள" என்று தோளில் கை போட்டுக்கொண்டு சுற்றினார். அவனுடைய கோடு அவருடைய கொடியை முதல் தடவை பொய்யாக்கிய நாளிலிருந்து 'மாப்ள' போய் 'சார்' வந்துவிட்டது.

"மாமா, இன்னிக்கு ஒண்ணா போயிடலாமா?"

"சாருக்கு ஏசி கார் வருமே. நாங்கல்லாம் வெயில்ல ஓடுற ஜாதி."

"பஸ்லதான் மாமா போறேன்."

வேன்காரம்மா இடையில் புகுந்தாள். "ரெண்டு பேரும் வேன்ல ஏறுங்க. லீவு நாள், வேன் சும்மாதான் நிக்குது. நானும் மேட்ச் பாக்க வரேன். பாஸ் இருக்கில்ல?"

லைன்ஸ்மேனுக்குச் சட்டென்று மனசு குளிர்ந்தது. அவள் மைதானத்துக்கு வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து வருகிறாள் என்றால் அவருக்காகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அவருக்கு அது சாதாரண நாள் இல்லை. இந்த சீசனோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. இறுதி ஆட்டத்தில் யார் கொடி பிடிப்பது என்பதை இந்த அரையிறுதியைப் பார்த்துத்தான் நடுவர் குழு முடிவு செய்யும். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு இறுதி ஆட்டம்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. இன்று விட்டால் விட்டதுதான்.

"எனக்குப் பின்னால இருக்கிற ஸ்டாண்டுல உக்காரு. கீழ் வரிசை. நல்லா தெரியும்," என்றார்.

"தம்பியோட ரூம் எங்க இருக்கு?"

குளிர்ந்த மனசு அதே வேகத்தில் மறுபடியும் சூடானது.

அந்த ரூமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாக மானிட்டர்கள், இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வீடியோ நடுவர், இன்னொன்றில் மச்சினன். முடிவைச் சொல்வது வீடியோ நடுவர்தான் என்றாலும், படத்தை எந்த நொடியில் நிறுத்துவது, கோட்டை எங்கே போடுவது என்பதெல்லாம் மச்சினன் விரலில் இருக்கிறது. ஒரே வீட்டு ஆட்கள் ஒரே ஆட்டத்திலா என்று நீங்கள் கேட்கலாம். லீக்குக்கு இருப்பதே ஒரு வீடியோ ரூம், அதில் கோடு போடத் தெரிந்தவன் இவன் ஒருவன்.

அந்த ரூம் வந்ததிலிருந்து லைன்ஸ்மேன்களுக்குப் புதிதாக ஒரு கட்டளை. சந்தேகமாக இருந்தால் கொடியை உடனே தூக்காதே. ஆட்டம் ஓடி முடியட்டும். கோல் விழுந்தால் ரூம் பார்த்துக்கொள்ளும். காரணமும் நியாயமானதுதான். கொடி ஏறி, நடுவர் விசில் ஊதிவிட்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடுகிறது. அதற்கப்புறம் பந்து வலைக்குள் போனாலும் கோல் கிடையாது. கொடி தப்பு என்று பின்னால் தெரிந்தாலும் அந்த கோலை யாராலும் திருப்பித் தர முடியாது.

"எல்லாம் முடிஞ்சப்புறம் தூக்குறதுக்குப் பேரு கொடியா? அது கைக்குட்டை," என்பார் லைன்ஸ்மேன். ஆனாலும் அன்றுவரை கட்டளையை மீறியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. வெள்ளை ஜெர்சிக்கும் பச்சை ஜெர்சிக்கும் போட்டி. லைன்ஸ்மேன் கேமராவுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் ஓடினார். அவருக்கு நேர் பின்னால், கம்பித் தடுப்பை ஒட்டிய வரிசையில், வேன்காரம்மா.

முதல் பாதியில் பச்சை அணி கோல் போட்டது. பந்தை அடித்தபோது ஸ்ட்ரைக்கர் சரியான இடத்தில்தான் நின்றான் என்று லைன்ஸ்மேன் கண்ணாரப் பார்த்தார். கொடி கீழேயே இருந்தது. கூட்டம் குதித்தது.

ஹெட்செட்டில் மச்சினன் ரூமிலிருந்து குரல் வந்தது. "செக் பண்றோம். கொஞ்சம் இருங்க."

இருந்தார்கள். மைதானமே நின்றது. லைன்ஸ்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வேலை செய்கிறவன் நிற்க, உட்கார்ந்திருக்கிறவன் யோசிக்கிற காலம் இது என்று நினைத்துக்கொண்டார்.

"ஆஃப்சைடு. பூட்ஸ் நுனி. கோல் கிடையாது."

பெரிய திரையில் நீலக்கோடும் சிவப்புக்கோடும் வந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. கூட்டத்தில் பாதி ஊளையிட்டது, பாதி கைதட்டியது.

பின்னால், மிக அருகில், ஒரு கைதட்டல் தனியாகக் கேட்டது. லைன்ஸ்மேன் திரும்பிப் பார்த்தார். வேன்காரம்மா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரியிடம் திரையைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தம்பி போட்ட கோடு என்று சொல்கிறாள். அதைப் புரிந்துகொள்ள வீடியோ எதுவும் தேவைப்படவில்லை.

புருஷன் தப்பு பண்ணியதற்குக் கைதட்டுகிறோம் என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. தெரியாமல் தட்டினாலும் தட்டியது தட்டியதுதானே. இவ்வளவு பெரிய மைதானத்தில் அவர் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள் என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் இரும்புப் பெட்டியின் கட்சி.

இரண்டாம் பாதியில் பச்சை ஒரு கோல் போட்டது. எந்தத் தகராறும் இல்லாத கோல். வெள்ளை அணி வெறிகொண்டு ஏறி விளையாடியது. லைன்ஸ்மேன் ஓடிக்கொண்டே இருந்தார், ஆனால் மனசு முழுக்க முதுகுப்பக்கம் இருந்தது. அவள் இப்போது ஆட்டத்தைப் பார்க்கிறாளா, திரையைப் பார்க்கிறாளா? தன்னைப் பார்க்கிறாளா?

ஆட்டம் முடியப்போகிற நேரம். நடுக்களத்தில் வெள்ளை ஜெர்சிக்காரன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு தயங்கினான். அந்தத் தயக்கத்தில் லைன்ஸ்மேன் திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தார். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான்.

பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது.

வெடுக்கென்று திரும்பினார். ஸ்ட்ரைக்கர் டிஃபெண்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். பந்து அவனை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. உதைத்தபோது எங்கே நின்றான்? லைன்ஸ்மேனுக்குத் தெரியாது. அவர் பார்க்கவில்லை.

இப்படி ஒரு நேரத்துக்காகத்தான் அந்தக் கட்டளையே இருக்கிறது. கொடியைக் கீழே வை, ரூம் பார்க்கட்டும். பார்த்தால் மச்சினன் கோடு போடுவான். பெரிய திரையில் வரும். அவள் எழுந்து நின்று கைதட்டுவாள்.

கை மேலே போய்விட்டது. கொடி படபடத்துக்கொண்டு நின்றது. நடுவர் விசில் ஊதினார். பச்சை அணியின் கோல்கீப்பர் நின்றுவிட்டான். ஸ்ட்ரைக்கர் கோபத்தில் பந்தை வலைக்குள் உதைத்துவிட்டு, லைன்ஸ்மேனைப் பார்த்துக் கையை விரித்தான்.

"எதுக்குய்யா உடனே தூக்குனே?" ஹெட்செட்டில் நடுவர் பல்லைக் கடித்தார்.

"தெளிவா தெரிஞ்சுது."

ரூமிலிருந்து மச்சினன் குரல் வந்தது. "விசில் அடிச்சாச்சு. எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." சத்தம் போடாமல் சொன்னான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். லைன்ஸ்மேனுக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு முடிவு அவருடைய கையோடு நின்றிருக்கிறது. யாரும் செக் பண்ணவில்லை, யாரும் கோடு போடவில்லை. கடைசி விசில்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. உடை மாற்றும் அறைக்கு நடந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளை அணி ஒரு கோலில் தோற்றுப் போயிருக்கிறது. அந்த கோல் நல்ல கோலாக இருந்தால்?

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வேனில் இரண்டு பேர்தான். மச்சினன் வேலை முடிய நேரமாகும் என்று சொல்லியனுப்பிவிட்டான். சர்ச்சைக்குரிய ஒவ்வொரு கொடிக்கும் கோடு போட்ட படத்தை அன்றே குழுவுக்கு அனுப்புவது அவன் வேலை. கோல் கிடையாது என்று ஆகிவிட்டாலும், கொடி சரியா தப்பா என்பதை அந்தப் படம் சொல்லிவிடும். இறுதி ஆட்டமும் அதைப் பொறுத்ததுதான்.

"அவனுக்கு போன் பண்ணிக் கேளுங்களேன்," என்றாள் வேன்காரம்மா.

"நான் எதுக்குக் கேக்கணும்? நான் பாத்தேன், தூக்குனேன்."

"அப்ப ஏன் சோபாவுல உக்காராம நடந்துகிட்டே இருக்கீங்க?"

லைன்ஸ்மேன் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை, யாரும் கேட்காமலே, மடிக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் மச்சினன் வந்து நின்றான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை கசங்கிப்போயிருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சார் சொல்லுங்க."

"அந்தக் கொடி. ரெண்டு படம் இருக்கு மாமா. ஒண்ணுல பாஸ் குடுக்குறவன் கால் பந்துகிட்ட இருக்கு. பட்டுச்சா, படலையான்னு தெரியல, மங்கலா இருக்கு. அதுல கோடு போட்டா ஸ்ட்ரைக்கரும் டிஃபெண்டரும் சமமா நிக்கிறாங்க. உங்க கொடி தப்பு."

லைன்ஸ்மேன் கையில் இருந்த துண்டு பாதி மடிப்போடு நின்றது.

"அடுத்த படத்துல கால் பந்துல பட்டது தெளிவா தெரியுது. அதுல ஸ்ட்ரைக்கரோட முழங்கால் முன்னால இருக்கு. கொடி சரி."

"வழக்கமா எதை எடுப்பே?"

"தெளிவா தெரியிறதைத்தான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதான். மங்கலா இருந்தா அதைத் தொடாதேன்னு."

"இன்னிக்கு?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். "மங்கலானதை அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"கோபம். பொறாமைன்னே வெச்சுக்குங்க." அவன் பையைக் கீழே வைத்தான். "நீங்க கொடியைத் தூக்குனா ஊரே பாக்குது. கோட்டை யார் போட்டான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பெட்டிக்குள்ள கெடக்கேன். எனக்குன்னு இருக்கிறது அந்தக் கோடு ஒண்ணுதான். அதையும் நீங்க வேணும்னே பிடுங்கிட்டீங்கன்னு தோணுச்சு. அக்கா இன்னிக்கு மைதானம் வரைக்கும் வந்தாளே, என் ரூம் பக்கம் எட்டிப் பாத்தாளா? உங்களுக்குப் பின்னால போய் உக்காந்துகிட்டா."

லைன்ஸ்மேன் அவனையே பார்த்தார். இவனுக்கா பொறாமை? என் மேலயா? சிரிப்பு வந்தது. சிரிப்பை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. கொடி சரி. அப்படியென்றால் கொடி சரி.

"என்னடா சொன்னே இப்ப?"

படிக்கட்டில் வேன்காரம்மா நின்றிருந்தாள். எப்போதிருந்து கேட்டாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேராக வந்து தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"காலையில போய்க் குழுகிட்ட நெசத்தைச் சொல்லிடு. வேலை போனா போகட்டும். என் வேன் கழுவ ஆள் இல்லாம கெடக்கு."

"சொல்லிடறேங்க்கா. அதுக்குத்தான் மாமாகிட்ட முதல்ல வந்தேன்."

அவள் தம்பியின் தலையைக் கோதினாள். லைன்ஸ்மேனுக்கு அப்போதும் ஒரு முள் குத்தியது. பாருங்கள், தப்பை ஒத்துக்கொள்வதில்கூட இவன் முந்திக்கொண்டுவிட்டான். தானும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. நான் பார்க்கவே இல்லை மாப்ள, குருட்டுக் கை தூக்கியது என்று இப்போதே சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். வாயைத் திறந்தார்.

வேன்காரம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான்தாங்க பைத்தியக்காரி. லேப்டாப்பைப் பாத்துட்டு அன்னிக்கு என்னமோ உளறிட்டேன். மெஷினே மங்கலா இருக்கு, தெரியலன்னு தடுமாறுற எடத்துல, வெறுங்கண்ணால சரியா பாத்திருக்கீங்க. உங்க கண்ணுக்கு ஈடு எதுவும் இல்லைங்க."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தார். அது வந்துவிட்டது, மொட்டை மாடியில், தம்பிக்காரன் முன்னாலேயே வந்துவிட்டது. இனி அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

திறந்த வாய் வேறொன்றைச் சொன்னது. "காபி இருக்கா?"

"இதோ போடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். படிக்கட்டில் அவள் காலடி துள்ளலாகக் கேட்டது.

லைன்ஸ்மேன் துண்டை மடித்து முடித்தார். "மாப்ள," என்றார். அந்தச் சொல் வந்து எவ்வளவு நாளாகிவிட்டது. "தைரியமா போ. நடந்ததைச் சொல்லு. ஒண்ணும் ஆகாது."

மச்சினன் நகரவில்லை.

"மாமா, நான் அனுப்புன படத்துல ஓரத்தை வெட்டிட்டுத்தான் அனுப்புனேன். அவ்வளவு கோபத்துலயும் அதை மட்டும் வெட்டிட்டேன். நாளைக்கு அடுத்த படத்தைக் காட்டுனா, முழுசா திரையில போடச் சொல்வாங்க."

"போடட்டும். ஓரத்துல என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீங்க." கீழே கேட்டுவிடப் போகிறது என்பதுபோல் அவன் குரலைத் தாழ்த்தினான். "பந்தை உதைக்கிற அந்த நேரத்துல, உங்க பின்னந்தலைதான் மாமா தெரியுது."